பந்து விருது கிடைக்காத விவரமும் மருமகனை அனுப்பிவைக்கும் விவரமும்

மரியாதைக்குரிய மச்சான் நம்பிராஜன் அவர்களுக்கு,

தாராவியிலிருந்து தங்கள் தங்கை வீட்டுக்காரன் பேச்சிராஜா வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான், தங்கள் தங்கை சண்முகவடிவு, தங்கள் மருமகனான என் மகன் மாரிசெல்வம் மூவரும் சுகம். வள்ளியூரில் தாங்களும் மதினியும் லாரி ஆபீஸும் எந்தக் குறையுமின்றி இருக்க அம்மன் அருள்வாளாக.

அம்மன் கோயில் கொடைக்கு ஊருக்கு வந்திருந்தபோது தாங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. "இந்த வருசம் காலேஜ் கால்பந்துல சிறந்த ஆட்டக்காரன்னு விருது வாங்கட்டும், பொறவு அவன் இஷ்டம்போல ஆடட்டும். வாங்கலன்னா பந்தைத் தூக்கிப் போட்டுட்டு என் லாரி ஆபீஸுக்கு வந்துரணும்" என்றீர்கள். நானும் கோயில் வாசலில் நின்று தங்கள் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். போன வாரம், மும்பை காலேஜ் அணிகளின் வருடாந்தர விருது விழா மாட்டுங்காவில் ஒரு ஹாலில் நடக்கிறது, பெற்றோர் வர வேண்டும் என்று காலேஜிலிருந்து போன் வந்தது. நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்குகிற பிள்ளையின் அப்பாவைத்தானே ஆண்டு விழாவுக்குக் கூப்பிடுவார்கள்? எனவே விருது நமக்கே என்று முடிவு செய்துவிட்டேன். பட்டறையை மூடினேன். 'ஆண்டின் சிறந்த வீரரே' என்று ஃப்ளெக்ஸ் அடித்தேன். அதில் தங்கள் படத்தைப் பெரிதாகப் போட்டதில் மருமகனுக்கு இடம் பற்றாமல் தலை மட்டும் மூலையில் வந்தது. ஒரு சரிகைச் சால்வை வாங்கினேன். நையாண்டி மேளக்காரர்களைப் பிடித்து, "மாரிசெல்வம்னு பேரு காதுல விழுந்ததும் அடிங்க" என்று சொல்லிவைத்தேன். நம் சொந்தக்காரர்கள் ஒரு டெம்போ நிறைய ஏறினார்கள்.

ஹாலுக்குள் நுழைந்தால், மச்சான், மும்பையின் அத்தனை காலேஜ் பையன்களும் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். திரையில் நம் பையன் மழைச்சேற்றில் மூன்று பேரைத் தாண்டிப் பந்தை உதைக்கிறான். இவனையா காலையில் சீக்கிரம் குளிக்கவில்லை என்று திட்டினேன் என்று இருந்தது. அப்போது மேடையில் விழாவை நடத்துகிற அனந்த் சார் மூன்று பெயர்களை வாசித்தார். இரண்டாவது பெயர் மாரிசெல்வம். அடித்தார்கள் பாருங்கள் மேளம்! நான் சால்வையோடு மேடைக்கே ஏறிவிட்டேன். பையன் பின்னாலேயே ஓடி வந்தான்.

"யப்பா, ருக்கோ, ருக்கோ, நில்லு! இது போட்டியில இருக்கவங்க பேருதான். ஜெயிச்சவன் பேர இனிமேதான் சொல்லுவாங்க!"

இறங்க வழி தெரியாமல் நான் அங்கேயே நிற்க, அனந்த் சார் உறையைக் கிழித்து யாசர் என்றார். நம் சந்திலேயே இருக்கும் கரீம் பாட்சாவின் மகன், வேறு காலேஜில் ஆடுகிறவன். சத்தியம், லாரி ஆபீஸ், தங்கள் முகம் எல்லாம் ஒரே நேரத்தில் கண்முன் வந்தன. மாரிசெல்வமோ என் கையைப் பிடித்து, "வாப்பா, நம்ம யாசர்தான, போத்திவிடு" என்று அவன் பக்கம் இழுத்துக்கொண்டு போனான். போர்த்தினேன். வாங்கின காசுக்கு அடிக்க வேண்டாமா என்று மேளக்காரர்கள் இன்னொரு தடவை அடித்தார்கள்.

பிறகுதான் விஷயமே. இந்த விருதுக்கு எல்லா அணித் தலைவர்களும் ஓட்டுப் போட வேண்டுமாம், தன் அணிக்காரனுக்குப் போடக் கூடாதாம். யார் யாருக்குப் போட்டார் என்று திரையில் காட்டினார்கள். நம்மவன் ஒரே ஓட்டில் தோற்றிருக்கிறான். அவனும் அணித் தலைவன். அவன் ஓட்டு யாசருக்கு! மூன்றாவது பையனுக்குப் போட்டிருந்தால் இரண்டு பேருக்கும் சமமாகி, விருதைப் பகிர்ந்து கொடுத்திருப்பார்களாம்.

"ஏலே, மாமாவுக்கு நான் குடுத்த வாக்கு தெரியும்லா?"

"தெரியும்ப்பா. ஆனா இந்த வருசம் அவன்தான நல்லா ஆடுனான்."

மச்சான், நான் அவனைப் பெற்றவன். ஆனாலும் அந்த நிமிடம் அவனை ஏறிட்டுப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. இப்படி ஒரு பிள்ளை நம் வீட்டில் எப்படிப் பிறந்தான் என்று தங்கள் தங்கையிடம் கேட்டதற்கு, "எங்க அண்ணன் மாதிரி" என்கிறாள்.

இருந்தாலும் சத்தியம் சத்தியம்தான். டிக்கெட் எடுத்தாயிற்று. திங்கட்கிழமை மருமகன் வந்து சேருவான். ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பவும். மதினிக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மறவாத,
பேச்சிராஜா

பி.கு.: ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்ப வேண்டாம். மாரிசெல்வத்துக்குத் தமிழ் வாசிக்க வராததால் இந்தக் கடிதத்தை நானே படித்துக் காட்டினேன். கோபப்படுவான் என்று பார்த்தால், தலையாட்டிவிட்டுப் பெட்டியை எடுத்து வைத்தான். ஒன்றே ஒன்றுதான் கேட்டான்: "யப்பா, மாமா ஆபீஸ் பக்கத்துல மைதானம் இருக்கா?" அப்போதே டிக்கெட்டைக் கேன்சல் செய்துவிட்டேன். சத்தியத்தை மீறியவன் நான், அவன் இல்லை. அம்மன் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். கோபம் ஆறியதும் தாங்களே ஒருமுறை வந்து அவன் ஆட்டத்தைப் பாருங்கள். வரும்போது திரும்பிப் போகத் தங்களுக்கு மட்டும் டிக்கெட் எடுத்தால் போதும்.