சட்டப்புலியின் பாட்டுப்பெட்டி வழக்கு

இந்தக் கதையில் சிரிப்பு உண்டு. ஆனால் இப்போதே சிரித்துத் தீர்த்துவிடாதீர்கள். சட்டப்புலி இன்னும் பாடிக்கொண்டிருக்கிறார். பாடி முடிக்கட்டும், நாமும் தாங்கிக்கொள்வோம். அவர் மனைவி தாங்கவில்லையா?

சட்டப்புலி என்பது தெரு வைத்த பெயர். கம்பி வளைந்த குடையைக் கடையில் வீசி, புதுக் குடையோடு வெளியே வந்த நாளிலிருந்து ஒட்டிக்கொண்டது. அதன்பிறகு தீப்பெட்டி வாங்கினாலும் "வாரண்டி உண்டா?" என்று கேட்பார்.

அப்படிப்பட்டவர் மைக்கோடு ஒரு பாட்டுப்பெட்டி வாங்கினார். இசையை அது போடும், பாட்டை இவர் பாடுவார். இசையில் குறை ஒன்றுமில்லை. வெளிச்சம் விழுகிற ஒரே இடமான ஜன்னலோரத்தில் பெட்டி வந்து உட்கார்ந்தது. அங்கே இருந்த மனைவியின் தையல் மிஷின், இருட்டு மூலையில் கட்டிலுக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டது. பிழைப்பே தையல்தான் அவளுக்கு. துணி மலையாய்க் குவிந்தது. இடத்தைத் திருப்பிக் கேட்டுப் பார்த்தாள்.

"கலைக்கு வெளிச்சம் வேணும்மா" என்றார், கண்ணை மூடிக்கொண்டே பாடுகிறவர்.

பெட்டிக்கும் ஒரு வியாதி இருந்தது. உச்சத்துக்குப் போனால் 'கீ...ச்!' கடையில் இரண்டு தடவை பழுது பார்த்தும் போகவில்லை. நாளடைவில் அந்தக் கீச்சும் தன் குரல்தான் என்று சட்டப்புலி நம்பத் தொடங்கிவிட்டார்.

"ஏங்க, அந்தக் கீச்சு..."

"கீச்சு இல்ல. உச்சஸ்தாயி."

"உங்க குரல் தேனுங்க. பெட்டிதான் அதைக் கெடுக்குது. சரி, விடுங்க. வாரண்டி இருந்து என்ன, அந்த மேனேஜர்கிட்ட நம்மளால பேச முடியுமா?"

"யாரால முடியாது?"

"உங்களாலன்னு சொல்லலையே. நம்மளாலன்னுதான் சொன்னேன்."

அவ்வளவுதான். சட்டை ஏறியது. பெட்டி தோளில் ஏறியது. பில்லும் வாரண்டி அட்டையும் ஏற்கெனவே அவள் கைப்பையில் தயாராக இருந்தன. அதை அவர் கவனித்திருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். கவனிக்கவில்லை. வாருங்கள், கடைக்குப் போவோம்.

"வாங்க சார், உட்காருங்க சார், என்ன சார்?" மேனேஜர் பேச்சில் பாதி சார்தான். "மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடிச்சுப் பாடணும் சார்."

"எவ்வளவு தள்ளி?"

"எவ்வளவு முடியுமோ அவ்வளவு சார்."

சட்டப்புலி பாடியே காட்டினார். ஃப்ரிட்ஜ் வாங்க வந்த ஒருவர் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டார். கீ...ச்!

"அது உங்க குரல் சார்."

"நீங்களே ஒரு வார்த்தை பேசிப் பாருங்களேன்" என்றாள் மனைவி சாதுவாக.

மேனேஜர் மைக்கை வாங்கினார். "ஹலோ சா..." கீ...ச்!

கடையே சிரித்தது. சட்டப்புலி மேஜையில் ஓங்கி அறைந்தார். "ரெண்டு தடவை ரிப்பேர்! அதே கோளாறு! இனிமே ரிப்பேர்ங்கிற பேச்சே கூடாது. மாத்திக் குடு, இல்ல பணத்தைக் குடு. கேட்கிறது என் உரிமை. மாட்டேன்னா நுகர்வோர் கோர்ட்ல பார்த்துக்கலாம்!"

மேனேஜருக்கு வியர்த்தது. "இந்த மாடல் இப்ப வர்றதில்ல சார். அதே விலைக்கு இதைவிடப் பெரிசு தர்றேன் சார். ரெண்டு மைக் சார்!"

ரெண்டு மைக்! சட்டப்புலியின் கண் மின்னியது. நாக்கு ஊறியது. கை நீண்டது.

மனைவி பெருமூச்சு விட்டாள். "வாங்கிக்கோங்க. எல்லாரும் கடைசியில இப்படித்தான் அடங்கிப் போறாங்க. நீங்க மட்டும் என்ன செய்வீங்க, பாவம்."

நீண்ட கை சடாரென்று திரும்பியது. "யாரு அடங்குறது? பணம்! முழுப் பணம்! இந்தக் கடை என்ன, எந்தக் கடையிலயும் இனி இந்தச் சனியனைத் தொட மாட்டேன். இது சத்தியம்!"

பணம் வந்தது. கூட்டம் கைதட்டியது. ஃப்ரிட்ஜுக்குள் இருந்த தலைகூட வெளியே வந்து தட்டியது.

திரும்பி வரும் வழியெல்லாம் வெற்றி ஊர்வலம்தான். சலூன்காரரிடம், சைக்கிள் கடைக்காரரிடம், எதிர்வீட்டு டீச்சரிடம் எல்லாம் நின்று நின்று சொன்னார். சத்தியம் வரும் இடத்தை மட்டும் இரண்டு முறை சொன்னார். மனைவி, "வேலை கிடக்குங்க" என்று முன்னாலேயே வீட்டுக்கு நடந்துவிட்டாள்.

மாலையானது. சட்டப்புலி ஜன்னலோரம் வந்தார். மார்பை நிமிர்த்தினார். தொண்டையைச் செருமினார். கண்ணை மூடினார். மைக்குக்காகக் கையை நீட்டினார்.

கையில் சில்லென்று ஒரு சக்கரம் பட்டது.

கண்ணைத் திறந்தார். நல்ல வெளிச்சத்தில் தையல் மிஷின் பளபளத்தது. அதன் முன்னால் மனைவி, ஒரே தடவையில் ஊசியில் நூலைக் கோத்தாள்.

"என் மைக்கு?"

"ஜெயிச்சுட்டீங்களே."

"அதான் பணம் இருக்கே! நாளைக்கே வேற ஒண்ணு..."

"தாராளமா வாங்குங்க. சலூன்காரர் கேட்டா என்ன சொல்றதுன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

சட்டப்புலி வாயைத் திறந்தார். கைப்பை, பெருமூச்சு, பாவம்... ஒவ்வொன்றாய் நினைவுக்கு வந்தன. திறந்த வாய் திறந்தபடியே நின்றது. அதிலிருந்து வந்தது ஒரே ஒரு சத்தம்தான்.

கீ...ச்.