சொர்க்கத்துக்கு நல்லெண்ணெய்

கல்கத்தாவில் அவநம்பிக்கைக்கு ஒரு போட்டி வைத்தால், முதல் பரிசு எங்கள் மாடிவீட்டு 'முடிஞ்சுது மாமா'வுக்குத்தான். கோப்பையைக் கையில் கொடுத்தாலும், "அடியில ஓட்டை இருக்கும், பாருங்கோ" என்பார். துர்கா பூஜைப் பந்தலுக்கு மூங்கில் வந்து இறங்கினால், "முடிஞ்சுது, மழை வரப்போறது." மழையும் வந்து தொலைக்கும்.

மாமி படுத்த படுக்கையானபோது மட்டும் அந்த வார்த்தை அவர் வாயில் வரவேயில்லை. டாக்டரே ஏறக்குறைய சொல்லிவிட்டார், மாமா சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை தோறும் மாமி போய்வந்த பழைய சர்ச்சில் ஒரு பெரிய ஓவியம் உண்டு. ஒரு துறவி மண்டியிட்டு, வாயைப் பிளந்து மேலே பார்க்கிறார். மேலே சொர்க்கம் திறந்திருக்கிறதாம். ஆனால் மெழுகுவர்த்திப் புகை படிந்து மேல்பாதி முழுக்கக் கரி.

"அவர் அப்படி என்னத்தைப் பாக்கறார்னு தெரிஞ்சுண்டா தேவலை," என்றாள் மாமி.

போதாதா? கறுத்துப்போன சாமிக்கு நம் கோயிலில் என்ன செய்வோம்? எண்ணெய்க் காப்பு! மாமா நல்லெண்ணெய் பாட்டிலோடு கிளம்பிவிட்டார். பதறிப்போய் நானும் பின்னாலேயே ஓடினேன். வாசலில் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் பெஞ்சு மேல் ஏறித் துணியால் தேய்த்தாயிற்று. அங்கிருந்து எனக்குப் பொன்னிறமாக ஏதோ மின்னியது மட்டும் தெரிந்தது. மாமா போனைத் தூக்கி போட்டோ எடுத்தார்.

"ஏ கீ கொர்சேன், தாதா!" என்று, என்ன காரியம் செய்கிறீர்கள் என வங்காளியில் அலறியபடி காவலாளி வந்து அவரைக் கீழே இழுத்தார். அன்றோடு சர்ச்சுக்குள் நுழைய மாமாவுக்குத் தடை. எண்ணெயில் தூசு ஒட்டி, சொர்க்கம் முன்னைவிடக் கறுத்துவிட்டதாகக் கேள்வி.

வீட்டுக்கு வந்து மாமியிடம் போட்டோவைக் காட்டினார். கேமரா அவர் பக்கமே திரும்பியிருந்திருக்கிறது. சொர்க்கமும் இல்லை, தேவதையும் இல்லை. மாமாவின் முகம்தான் இருந்தது, வாயைப் பிளந்து, கண் கலங்கி, மேலே பார்த்தபடி.

"முடிஞ்சுது," என்று தலையில் அடித்துக்கொண்டார். அந்த அறையில் அதை அவர் சொன்னது அப்போதுதான்.

மாமி போனைத் திருப்பித் தரவில்லை. "ஏன்னா, இந்த மூஞ்சியை நான் பாத்ததே இல்லையே! அங்க என்ன தெரிஞ்சுது?"

மாமா திருதிருவென்று விழித்தார். "வெளிச்சம்டி. நிறைய வெளிச்சம்."

"அது போறும்," என்றாள் மாமி.

பூஜைக்கு முன்பே போய்விட்டாள். கூரை திறக்கவில்லை, மின்விசிறிதான் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை.

காரியமெல்லாம் ஆன பிறகு மாமா என்னிடம் போனை நீட்டினார். "இதை அழிச்சுடு. அசடு மாதிரி இருக்கேன்."

"இந்த போன்ல அழிக்க முடியாது மாமா" என்றேன்.

"முடிஞ்சுது" என்றார்.

என் போனிலும் அது இருக்கிறது.