கம்பி தேர்ந்த படலம்

மனிதன் விலங்கிலிருந்து வேறுபடுவது பேச்சினால் என்பார் சிலர். சிரிப்பினால் என்பார் சிலர். இரண்டும் தவறு. ஹாபியினால்தான் வேறுபடுகிறான். இந்தப் பேருண்மை 1956-ஆம் ஆண்டுவாக்கில் போடிநாயக்கனூரில் கண்டுபிடிக்கப்பட்டது என்பதை உலகம் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. உலகம் அப்படித்தான். ஏலக்காயைப் பாயசத்தில் போட்டு மணத்தை எடுத்துக்கொண்டு, தோலைத் துப்பிவிடுகிற உலகம் அது.

கண்டுபிடித்தவர்கள் 'மேன்மக்கள் ஓய்வுக் கழக'த்தார். ஓய்வு என்றால் சும்மா இருப்பது என்று நினைத்துவிடக் கூடாது. சும்மா இருப்பதற்கு ஒரு தலைவர், ஒரு செயலாளர், நிறைவேற்ற ஒரு தீர்மானம், கடிக்க ஒரு பஜ்ஜி என்று அமைந்துவிட்டால் அதற்குப் பெயர்தான் ஓய்வு. தலைவர் முனியசாமி, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தாசில்தார். அதிகாரத்திலிருந்து ஓய்வு பெறாதவர். மலைத் தோட்டங்களின் மானேஜர்கள், டாக்டர், ஏலக்காய் வியாபாரிகள் ஆகியோர் உறுப்பினர்கள். ஆளுக்கு ஒரு ஹாபி கட்டாயம். ஹாபி இல்லாத உறுப்பினருக்குக் கைவைத்த நாற்காலி கிடையாது, முக்காலிதான்.

அந்த முக்காலியில் உட்கார்ந்திருந்தவர் பால்சாமி.

பால்சாமி சிலமலைக்காரர். ஏலக்காய் மண்டி வெள்ளைத்துரையின் ஒரே மகள் வீரலட்சுமியைக் கட்டிக்கொண்டு, அப்படியே மாமனார் வீட்டையும் கட்டிக்கொண்டவர். மண்டிக்குள் கால் வைத்தால் ஏலக்காய்த் தூசிக்குத் தும்மல் வந்துவிடும். அவருடைய தும்மலில் ஒருநாள் தரம் பிரித்து வைத்த காய் எல்லாம் ஒன்றாகக் கலந்துபோயிற்று. வெள்ளைத்துரை பொறுமைசாலி.

"மாப்ளே, நீங்க மேற்பார்வை பாருங்க" என்றார்.

"எங்கேயிருந்து மாமா?"

"மேலேயிருந்துதான். மாடிக்குப் போயிருங்க."

அன்றுமுதல் பால்சாமி மாடியிலிருந்து மேற்பார்வை பார்த்து வந்தார். கீழே எல்லாம் நன்றாக நடந்தது.

ஒருநாள் கழகத்தில் தலைவர் நேரடியாகவே கேட்டுவிட்டார். "மிஸ்டர் பால்சாமி, உமது ஹாபி என்ன? இன்று சொல்லாவிட்டால் முக்காலியும் போகும்."

அன்று காலையில்தான் வீரலட்சுமி கதவைப் பூட்டிக்கொண்டு பரமசிவன் கோவிலுக்குப் போயிருந்தாள். வெளியே மாட்டிக்கொண்ட பால்சாமி, வாசலில் கிடந்த அவளுடைய கொண்டை ஊசியைப் பூட்டில் விட்டு ஆட்ட, பூட்டு திறந்துகொண்டது. அவள் அவசரத்தில் பூட்டைச் சரியாக அழுத்தவில்லை என்பது பிற்பாடு தெரிந்த வரலாறு. அவருக்கு அது தெரியாது.

"பூட்டு... சாவியில்லாமல் பூட்டுத் திறப்பது" என்றார்.

டாக்டர் மெதுவாகக் கைதட்டினார். தலைவர் எழுந்து, "திறமை என்ற சொல்லே 'திற' என்பதிலிருந்துதான் பிறந்தது" என்று ஓர் ஆராய்ச்சியை அங்கேயே செய்து முடித்தார். கைவைத்த நாற்காலி வந்தது.

நாற்காலி வந்துவிட்டது. கலை வரவேண்டாமா? கலைக்கு முன்னால் கருவி வரவேண்டும். கருவியென்றால் தரமான கருவி. கம்பி நீட்டுகிறவர்களையும் கம்பி எண்ணுகிறவர்களையும்தான் நாடு அதுவரை அறிந்திருந்தது. கம்பியைத் தேர்ந்தெடுக்கிறவரை அன்றுதான் பார்த்தது.

முதலில் கொண்டை ஊசி. திண்டுக்கல் பூட்டுக்குள் நுழைந்ததும் அது நாணிக் கோணிக்கொண்டது. "குணமில்லாத இரும்பு" என்று பால்சாமி அதை நிராகரித்தார். நிராகரிக்கப்பட்டது வீட்டிலிருந்த எல்லாக் கொண்டை ஊசியும் என்பதால் வீரலட்சுமி வாரக்கணக்கில் தலையை அள்ளி முடிந்துகொண்டு திரிந்தாள். அடுத்து சைக்கிள் கம்பி: பருமன் அதிகம், பூட்டின் வாய் கிழிந்தது. அடுத்து வெளிநாட்டுக் குடைக்கம்பி: மலைமேல் ஒரு தோட்டத்து இங்கிலீஷ் துரை விட்டுப்போன குடையிலிருந்து எடுத்தது. வளைந்தது, நிமிர்ந்தது, ஆனால் ஒரு மாதிரி அலட்சியமாகவே வேலை செய்தது. கடைசியில் மாமனாரின் கிராமபோன் பெட்டிக்குள் இருந்த எஃகுச் சுருளைக் கண்டபோது பால்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஏங்க, அப்பாவோட பாட்டுப்பெட்டி பாடமாட்டேங்குது" என்றாள் வீரலட்சுமி.

"பாட்டு யார் வேண்டுமானாலும் பாடலாம், லட்சுமி. இந்த எஃகைப் பார். வளைகிறது, வளைந்தபடியே நிற்காமல் நிமிர்ந்துகொள்கிறது. தரம் என்றால் இதுதான்."

"அப்பாகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் அடுப்படியில இருக்கேன்."

தட்டாரிடம் கொடுத்து முனைகளை அரத்தால் ராவி, எண்ணெய் போட்டுத் துடைத்து, ஈட்டி மரப் பெட்டியில் சிவப்பு வெல்வெட்டு விரித்து அடுக்கினார். கழகத்தில் அந்தப் பெட்டி கைமாறிக் கைமாறிப் போயிற்று. "வளைந்து கொடுத்து, வேலை முடிந்ததும் நிமிர்ந்துவிட வேண்டும்" என்ற பால்சாமியின் இலக்கணத்தைக் கேட்டுத் தலைவர் நெகிழ்ந்துபோனார். தம்முடைய உத்தியோக வாழ்க்கையை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லையாம்.

பிறகு பயிற்சி. சொந்தப் பூட்டுகள் தீர்ந்துபோனதால் பால்சாமி ஊர்ப்பூட்டுகளுக்கு வந்தார். ஒரு பிற்பகலில் எதிர்வீட்டு மொக்கம்மாள் சந்தையிலிருந்து திரும்பியபோது கதவு திறந்திருந்தது. உள்ளே ஓர் ஆண்பிள்ளை.

"எவன்டா அவன்!" என்று முருங்கைக்காயை ஓங்கினாள்.

"நான்தான் அத்தை, பால்சாமி."

முருங்கைக்காய் இறங்கியது. "மண்டிக்காரவுக மாப்பிள்ளையா? இங்ஙன என்ன சோலியா வந்தீக?"

"ஆராய்ச்சி. உங்கள் பூட்டு மிகவும் மட்டம், அத்தை. என் கருவிக்கு ஏற்ற பூட்டே இல்லை. எனக்கு ஏமாற்றமாகிவிட்டது."

மொக்கம்மாளுக்கு அவமானத்தில் முகம் சுண்டிவிட்டது. "மன்னிச்சுக்கிருங்க மாப்ளே. அடுத்த தடவை வரையில நல்ல பூட்டா வாங்கிப் போட்டுவைக்கேன்" என்று சொல்லி, மோர் கொடுத்து அனுப்பிவைத்தாள். தெருவே பூட்டை மாற்றியது. மேன்மக்களின் ஹாபி ஒரு நகரத்தையே எப்படி முன்னேற்றுகிறது பாருங்கள்!

இப்படி நாகரிகம் தழைத்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கழகக் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது வெளியே தலைவரின் கூச்சல் கேட்டது. வெற்றிலை துப்ப எழுந்து போனவர் அவர்.

"திருடன்! பிடி! திருடன்!"

காம்பவுண்டுச் சுவரை ஒட்டி ஒரு தகரப்பெட்டி. அதன் முன்னால் குந்தியிருந்தவன் கன்னையன். குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை செய்கிறவன். பக்கத்தில் அவன் மனைவி முத்துப்பேச்சி. கன்னையன் கையில் ஒரு குடைக்கம்பி. காலடியில் அந்தக் கம்பியைப் பறிகொடுத்த அவனுடைய சொந்தக் குடை, ஒரு பக்கம் சிறகொடிந்த காக்கை மாதிரி கிடந்தது.

இருவரையும் பெட்டியோடு உள்ளே கொண்டுவந்து நிறுத்தி, கழகம் 'விசாரணைக் குழு'வாக மாறியது.

"இது யார் பெட்டி?"

"எங்க பெட்டிதான் சாமி" என்றான் கன்னையன். "ஆத்தைத் தாண்டையில சாவி தண்ணிக்குள்ள விழுந்துபோச்சு. இவ தம்பி சோலைக்கு இன்னைக்குச் சிலமலையில கலியாணம். தாலியும் கூறைச்சேலையும் இதுக்குள்ளதான் இருக்கு."

"மூணாவது முடிச்சு நான்தாங்க போடணும்" என்றாள் முத்துப்பேச்சி. "உச்சிக்குள்ள முகூர்த்தம். பஸ்சு போயிரும், வெரசா விடுங்கய்யா."

தலைவர் சிரித்தார். "சாவி இல்லாதவனுக்குப் பெட்டி எப்படிச் சொந்தமாகும்? பூட்டில் கம்பியை விடுகிறவன் யார்? ஒன்று, திருடன். இல்லையென்றால் ஹாபிக்காரர். இதை முடிவு செய்ய நம்மிடம் நிபுணர் இருக்கிறார். மிஸ்டர் பால்சாமி!"

நிபுணர் எழுந்தார். பூதக்கண்ணாடியை எடுத்துக் கன்னையனின் கம்பியைப் பார்த்தார். கலைஞனின் மனம் துடித்துவிட்டது. "நாட்டுக் குடைக்கம்பி. துரு. முனை ராவப்படவில்லை. எண்ணெய் காணாதது. இதை ஒரு ஹாபிக்காரன் கையாலும் தொடமாட்டான்" என்றார்.

"அப்படியானால் திருடன்!" என்று மேசையைத் தட்டினார் தலைவர். "போலீசுக்குச் சொல்லி அனுப்புங்கள்."

பால்சாமிக்குச் சுருக்கென்றது. அவர் கம்பியைப் பற்றித்தான் சொன்னார். ஆளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. கன்னையன் கும்பிட்டபடி நின்றான். முத்துப்பேச்சி கும்பிடவில்லை. நிபுணரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் பால்சாமிக்கு, ஏலக்காய் இல்லாமலே, தும்மல் வந்துவிட்டது.

"பொறுங்கள். நானே திறந்துவிடுகிறேன். உள்ளே தாலி இருந்தால் அவன் சொல்வது உண்மை" என்றார்.

ஈட்டி மரப் பெட்டி வந்தது. வெல்வெட்டின் முன்னால் பால்சாமி கண்மூடி நின்றார். ஒரு கம்பியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்து வைத்தார். இன்னொன்றை எடுத்து நகத்தில் சுண்டிச் சத்தம் கேட்டார்.

"என்னய்யா பாக்குறீக?" என்றாள் முத்துப்பேச்சி.

"கருவியைத் தேர்ந்தெடுப்பதே பாதிக் கலை, அம்மா."

"மீதிப் பாதியைச் செய்யுங்கய்யா. அங்க பொண்ணு மணவறையில குந்தியிருக்கு."

பால்சாமி குந்தினார். கொண்டை ஊசிக்கு மசிந்த பூட்டைப் பார்த்தவர், சந்தையில் வாங்கிய இந்தச் சின்னத் தகரப் பூட்டைப் பார்த்ததில்லை. உள்ளே கன்னையன் கம்பியின் துணுக்கு வேறு ஒடிந்து கிடந்தது. துரையின் குடைக்கம்பி அலட்சியமாக நுழைந்து அலட்சியமாகத் திரும்பியது. கிராமபோன் எஃகு வளைந்தது, வளைந்தது, 'டிங்' என்று இரண்டானது. அது கடைசியாகப் பாடியது அப்போதுதான். கழகத்தார் பஜ்ஜியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். தெருவில் பஸ் ஹாரன் கேட்டது.

"தள்ளுங்க சாமி" என்று சொல்லி முத்துப்பேச்சி, வாசல் ரோஜாப் பாத்திக்கு வரப்பாக வைத்திருந்த கல் ஒன்றைத் தூக்கிவந்து ஒரே போடு போட்டாள். பூட்டு பறந்துபோய்ச் செயலாளர் மடியில் விழுந்தது.

உள்ளே அரக்குக் கூறைச்சேலை. மஞ்சள் துணியில் முடிந்த தாலி.

தலைவர் தளரவில்லை. "இதெல்லாம் உன்னுடையது என்பதற்கு என்ன அத்தாட்சி?"

"ஒங்களுதுங்கீகளா?" என்று முத்துப்பேச்சி தாலியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "அப்ப வாங்கய்யா, நீங்களே வந்து பொண்ணு கழுத்துல கட்டுங்க. ஒங்க வீட்டு ஆத்தாகிட்ட நான் போய்ச் சொல்லிக்கிறேன், ஐயா சிலமலையில ரெண்டாந்தாரம் கட்டப் போயிருக்காகன்னு!"

தலைவர் மூன்றடி பின்னால் போய்க் கைவைத்த நாற்காலியில் விழுந்தார். விசாரணை முடிந்தது.

மூடி பிளந்த பெட்டியை யார் தூக்குவது? பால்சாமி தூக்கினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் தூக்கிய முதல் சுமை அதுதான். இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு பஸ்ஸை நோக்கி ஓடினார், கண்டக்டரிடம் "நிறுத்துப்பா, தாலி! தாலி!" என்று கத்தினார். பஸ் நின்றது. மூன்று முடிச்சும் விழுந்ததாகப் பிற்பாடு கேள்விப்பட்டார். கேள்விப்பட்ட அன்று இரண்டு கவளம் அதிகமாகச் சாப்பிட்டார்.

கழகம் சும்மா இருக்குமா? சும்மா இருப்பதற்கென்றே ஏற்பட்ட கழகம் அன்று மாலையே அவசரக் கூட்டம் கூட்டியது. பூட்டுகளைக் கல்லால் அணுகும் 'காட்டுமிராண்டி முறை'யைக் கண்டித்தது. எஃகை இழந்த பால்சாமிக்குத் 'திறமைமணி' என்ற பட்டத்தை அளித்தது. தரமற்ற கம்பிகள் தகுதியற்றவர் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதே களவுக்கு மருந்து என்று தலைவர் நெடுநேரம் பேசினார். தோட்டத்து மானேஜர்கள் தலையாட்டினார்கள். ஏதோ ஒரு தீர்மானத்தை வழிமொழியச் சொன்னார்கள். சம்பங்கி மாலை காதை மறைத்திருந்ததால் பால்சாமிக்கு அது சரியாகக் கேட்கவில்லை. வழிமொழிந்தார்.

ஆடிச் சாரல் பிடித்துக்கொண்ட ஒருநாள், பால்சாமி மாமனாரின் சோலியாக ஜீப்பில் குரங்கணிக்குப் போனார். மழை சாய்த்து ஊற்றியது. சரிவிலிருந்து தோட்டத்து ஜனங்கள் வரிசையாக இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். ஆணும் பெண்ணும் சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்திருந்தார்கள். ஒருவர் கையிலும் குடை இல்லை. வரிசையில் கன்னையனைக் கண்டதும் பால்சாமி ஜீப்பை நிறுத்தச் சொன்னார்.

"என்ன கன்னையா, இந்த மழையில் நனைந்துகொண்டு? குடை எங்கே?"

"குடையா சாமி?" கன்னையன் முகத்து நீரை வழித்துவிட்டுக்கொண்டு சொன்னான். "தோட்டத்துல எல்லார் குடையையும் வாங்கி வச்சுக்கிட்டாக. கழகத்துல நீங்க எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணுனதாம்ல?"

"எதற்காக?"

"குடையில கம்பி இருக்குல்ல சாமி? ஊருல களவு நடக்கக் கூடாதுன்னுதான்."