ஆடி மாதத்தில் பார்த்த ஓட்டம்

என் அக்காவுக்கு வந்த ஒரு நல்ல வரனை, ஒரு கைக்கடிகாரத்தையும் நாற்பது பக்க நோட்டையும் வைத்துக்கொண்டு விரட்டியடித்தவன் நான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டில் எல்லோரும் ஊரெல்லாம் சொல்லி முடித்துவிட்டார்கள். நான் மட்டும் மறைத்து என்ன ஆகப்போகிறது?

எழுபதுகளின் தொடக்கம். மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தோம். ஜெயா அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவளுக்கு வந்த வரனின் பெயர் ரகுராமன். அடையாறில் வீடு, பாங்கில் வேலை. அந்த வேலையே அவர் நீண்ட தூர ஓட்டக்காரர் என்பதற்காகக் கிடைத்தது. ஜாதகம் பொருந்தியது. போட்டோ வந்தது. அதுவரை வந்த போட்டோக்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கீழே வைத்த அக்கா, இதைப் பார்த்துவிட்டு, "இவர் தினமும் ஓடுவாராமா?" என்று கேட்டாள். (அக்காவைப் பொறுத்தவரை இது ஒரு காதல் கடிதம்.)

நடுவில் ஆடி வந்துவிட்டது. ஆடியில் பெண் பார்க்கக் கூடாது. ஆனால் பையனை மறைந்திருந்து பார்க்கக் கூடாது என்று எந்த சாஸ்திரமும் சொல்லவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அடையாறு பக்கம் ஒரு கல்லூரி மைதானத்தில் ஆபீஸ்காரர்களுக்கான ஓட்டப் போட்டி, சீசனின் முதல் போட்டி என்று தெரிந்ததும் அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"சுந்து, உனக்குத்தான் ஸ்போர்ட்ஸெல்லாம் தெரியுமே. பையன் திடகாத்திரமா இருக்கானா, போய்ப் பாத்துட்டு வா."

எனக்கு ஸ்போர்ட்ஸ் தெரியும் என்பது, பேப்பரின் கடைசிப் பக்கத்தை நான் முதலில் படிப்பேன் என்பதிலிருந்து அப்பாவாக ஏற்படுத்திக்கொண்ட நம்பிக்கை. என் சொந்த சாதனை, ஆறாம் வகுப்பில் ஸ்பூனில் எலுமிச்சம்பழம் வைத்து ஓடிப் பாதியில் பழத்தைத் தவறவிட்டது. இருந்தாலும் இருபத்திரண்டு வயதில் யாராவது 'உனக்குத் தெரியுமே' என்றால் 'தெரியாது' என்று சொல்ல வாய் வருமா? கிளம்பும்போது அக்கா வாசல் வரைக்கும் வந்தாள். "நன்னா பாத்துண்டு வாடா" என்றாள்.

நன்றாகத்தான் பார்த்தேன். ஐயாயிரம் மீட்டர், பன்னிரண்டரைச் சுற்று. பச்சை பனியன் போட்டுக்கொண்டு ரகுராமன் கூட்டத்தின் நடுவில் ஓடினார். பக்கத்தில் ஓடியவனோடு பேசிக்கொண்டு வேறு ஓடினார். ஒவ்வொரு சுற்றுக்கும் கடிகாரத்தைப் பார்த்து எழுதினேன். 'வாயைத் திறந்து மூச்சு விடுகிறார். இடது தோள் சாய்கிறது. கடைசிச் சுற்றிலும் வேகம் கூடவில்லை.' பதினாலு பேரில் ஒன்பதாவதாக வந்தார். வந்தவர் வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை. அதையும் எழுதினேன்: 'ரோஷம் இல்லை.'

கோடு போட்டுக்கொண்டிருந்த மைதானத்து ஆள் என் நோட்டை எட்டிப் பார்த்தார்.

"இன்னா நைனா, எய்திக்கினே கீறே? பேப்பர்காரனா?"

"இல்லை. அந்தப் பச்சை பனியனைப் பார்க்க வந்தேன். ஒண்ணும் தேறாது போலிருக்கே."

"அவரா? இப்ப வந்து பாத்தா இன்னா தெரியும்? சீசன் இப்பதான் ஆரம்பிச்சிகீது. மார்கழில வந்து பாரு, அப்பால பேசு."

சுண்ணாம்பு வாளியோடு நிற்பவருக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். அந்த மைதானத்திலேயே விஷயம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

வீட்டுக்கு வந்து நோட்டைப் பார்த்து அறிக்கை வாசித்தேன். வாசிக்க வாசிக்க எனக்கே உற்சாகம் ஏறிவிட்டது. "இருதயம் பலவீனமா இருக்கலாம்ப்பா" என்று நோட்டில் இல்லாததையும் சேர்த்துச் சொன்னேன். மார்வலியில் சின்ன வயதிலேயே போன தம்பி ஒருவர் அப்பாவுக்கு உண்டு. அப்பா என் கையிலிருந்து நோட்டை வாங்கி மூடி வைத்தார். ஆவணி பிறந்ததும் 'ஜாதகம் பொருந்தவில்லை' என்று ஒரு கார்டு எழுதிப் போட்டார். அக்கா அன்று ராத்திரி கணக்குப் பேப்பர் திருத்தினாள். எல்லா நாளும் திருத்துவதுதான்.

மார்கழியில் ஒரு காலை, அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். "சுந்து, இந்த ரகுராமன் அந்த ரகுராமனா?"

அந்த ரகுராமன்தான். மாநிலப் போட்டியில் ஐயாயிரத்திலும் முதல், பத்தாயிரத்திலும் முதல். இரண்டாவதாக வந்தவன் அரைச் சுற்று பின்னால்.

அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தாள். "முதல் தோசை கல்லுல ஒட்டிக்கும்னு தெரியாதாடா உனக்கு? அதுக்காக மாவையே கொட்டிட்டியே, படுபாவி!"

அக்கா பேப்பரை வாங்கிக் கடைசிப் பக்கத்தை நின்றுகொண்டே படித்தாள். பிறகு மடித்து அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

மார்கழியில் யாருக்கும் கல்யாணம் நடக்காது, இன்னும் நேரம் இருக்கிறது என்று என் மூளை கணக்குப் போட்டது. அவர் விடிகாலையில் கடற்கரையில் ஓடுவதாக விசாரித்துத் தெரிந்துகொண்டு, மறுநாள் காந்தி சிலையடியில் போய் நின்றேன். வேட்டி, செருப்பு, அப்பாவின் மஃப்ளர். வந்தார். நிற்கவில்லை.

"சார்! ஒரு நிமிஷம்!"

"ஓடிண்டே சொல்லுங்கோ. நின்னா உடம்பு ஆறிப்போயிடும்."

ஓட்டக்காரரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமென்றால் முதலில் அவரைப் பிடிக்க வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன்.

"நான்... ஜெயாவோட... தம்பி."

"எந்த ஜெயா?"

அந்தக் கேள்வியிலேயே திரும்பியிருக்கலாம். "மயிலாப்பூர்... ஆவணியில... ஜாதகம்..."

"ஓ! பொருந்தலைன்னு கார்டு போட்டேளே."

"பொருந்தறது சார்! பொருந்தறது!" ஒரு செருப்பு எங்கேயோ போய்விட்டது. "நான்தான்... தப்பாப் பாத்துட்டேன்!"

"நீங்க ஜோசியரா?"

"இல்லே... ஆடியில... உங்க ரேஸைப் பாத்தேன். ஒன்பதாவதா..."

அவர் நின்றுவிட்டார். உடம்பு ஆறினால் ஆறட்டும் என்று நின்றுவிட்டார். நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

"அன்னிக்குக் காலம்பற பதினஞ்சு மைல் ஓடிட்டு வந்தேன் சார். முதல் அஞ்சு பேருக்குள்ள வந்தா உதைப்பேன்னு கோச் சொல்லியிருந்தார். சீசன் ஆரம்பத்துலேயே வேகத்தைக் காட்டினா, மார்கழியில காலே இருக்காது." பனியனால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தை பதினாலு எனக்குக் கல்யாணம். பாஷ்யம் ஐயங்கார் பொண்ணு, தி.நகர். உங்க அக்காகிட்ட..." என்று ஆரம்பித்தவர், முடிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு ஓடினார். பின்னாலிருந்து பார்த்தேன். இடது தோள் சாயத்தான் செய்தது. அவர் அப்படித்தான் ஓடுவார் போலிருக்கிறது.

ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தேன். அக்கா வாசலில் கோலத்துக்குச் செம்மண் இட்டுக்கொண்டிருந்தாள். எங்கே போனேன் என்று அவளிடம் சொல்லியிருக்கவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது. என் முகத்தையும் காலையும் பார்த்தாள்.

"எத்தனாவதா வந்தே?"

"ரெண்டாவது" என்றேன்.

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியாமல் சிரித்தாள். பிறகு செம்மண் கையோடு உள்ளே போனாள். கொல்லைப்புறத்தில் குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு வருஷம் கழித்து அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. அத்திம்பேர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் இருந்தார். தெருமுனைக்குப் போகவும் ரிக்‌ஷா தேடுவார், தங்கமான மனிதர். கல்யாணப் பந்தியில் இந்தக் கதையை அக்காதான் அவரிடம் சொன்னாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இன்டர்வியூவிலிருந்து வந்தாலும் சரி, ரேஷன் கடையிலிருந்து வெறும் பையோடு வந்தாலும் சரி, "எத்தனாவதா வந்தே?" என்றுதான் கேட்பார்கள். பேரன்கள்கூடக் கேட்கிறார்கள்.

அவர்கள் கேட்டால் நானும் சேர்ந்து சிரித்துவிடுவேன். அக்கா கேட்டால் மட்டும், இந்த வயதிலும், "ரெண்டாவது" என்று சொல்லிவிட்டுக் குழாய்ச் சத்தம் கேட்கிறதா என்று கொஞ்ச நேரம் காது கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.