சுதாவுக்கு வாங்கிய கோழிக் கடிகாரம்

நான் பேசி யாரையும் கெடுத்ததில்லை. பேசினால்தானே. ஒரே ஒரு முறை எழுதிக் கெடுத்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் பேனாவைத் தொட்டால் என்ன ஆகும் என்று நாகலூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

எங்கள் எஸ்டேட்டில் காப்பிக்கொட்டை காயவைக்கும் களம் என் பொறுப்பு. மூன்று வருஷத்துக்கு முன்பு விவசாயக் கல்லூரியிலிருந்து இரண்டு பேர் பயிற்சிக்கு வந்தார்கள். கார்த்தி தோட்டத்துக்கு, சுதா என் களத்துக்கு. அரைமணிக்கொரு முறை கொட்டையைக் கிளறி, அதைப் பற்றி ஓர் அறிக்கை எழுதி, முதலாளியிடம் கையெழுத்து வாங்க வேண்டும். வாங்கிய கையோடு ஊருக்குப் போய்விடலாம். சுதா கிளம்ப வேண்டிய அதே வாரம் அவள் அக்காவுக்கு வளைகாப்பு.

அவளுக்குக் கொடுத்த அறையில் குளிரும் எலியும் அவளைத் தூங்கவிடவில்லை. அதனால் பகலில் சாக்கு மூட்டைமேல் தூங்குவாள். நான் கிளறுவேன். தூறல் வந்தால் தார்ப்பாயும் நானே இழுத்து மூடுவேன். (எழுப்பலாம்தான். ஒரு பெண்பிள்ளையை என்ன சொல்லி எழுப்புவது என்று யோசிப்பதற்குள் அடுத்த அரைமணி வந்துவிடும்.) இது எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

கிளம்பும் நாள் நெருங்கியபோது எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் என்னைக் கூப்பிட்டார். "ஏனுங்க மாரிமுத்து, அந்தப் புள்ளைங்களுக்கு ஏதாச்சும் வாங்கிட்டு வாங்க. பாத்தா சிரிப்பு வரோணும், உபயோகமாவும் இருக்கோணும்."

ஏற்காடு கடையில் இதயம் போட்ட தலையணையைக் காட்டினார்கள். வெட்கப்பட்டு வெளியே வந்துவிட்டேன். தோட்டத்தில் அட்டைக்கடி பட்டே இளைத்த கார்த்திக்கு, அட்டை அண்டாமலிருக்க ஒரு துணிப்பை நிறைய உப்பு. சுதாவுக்கு ஓர் அலாரக் கடிகாரம். நொடிக்கொரு முறை உள்ளே ஒரு கோழி கொத்தும். அதோடு நிறுத்தியிருக்கலாம். மகளின் ஸ்கெட்ச் பேனாவை வாங்கி, மூன்று முறை எழுதிப் பார்த்து, பரிசோடு வைக்கும் வாழ்த்து அட்டையில் எழுதினேன்: 'சுதா கண்ணுக்கு. இனிமேல் களத்தில் தூங்காதே. தார்ப்பாய் இழுக்க எப்போதும் நான் வர முடியாது.' இதைவிட நல்ல வாசகம் நான் எழுதியதே இல்லை. (வேறு வாசகமும் எழுதியதில்லை.)

கிளம்பும் நாளன்று முதலாளி முன்னால் கார்த்தி உப்பைப் பிரித்ததும் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு உச்சி குளிர்ந்தது. அடுத்து கோழி. சுதாவின் அறிக்கையில் கையெழுத்துப் போட முதலாளி பேனாவைத் திறந்து கையில் வைத்திருந்தார். அட்டையை எடுத்து சத்தமாகப் படித்தார். பாதியில் அவர் சிரிப்பு நின்றது.

அறிக்கையைப் புரட்டினார். "அரைமணிக்கொருக்கா நானே கிளறுனேன்னு எழுதியிருக்குது. அப்ப தூங்குனது யாரு கண்ணு?"

சுதா என்னைப் பார்த்தாள். விளையாட்டுக்கு எழுதினேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கோழி கொத்திக்கொண்டே இருந்தது. கடைசியில் வாயைத் திறந்தேன்.

"தெனமும் இல்லீங்க. பாதி நாளுதானுங்க."

முதலாளி பேனாவை மூடினார். இன்னும் பதினைந்து நாள் இருந்து, தானே கிளறி, புதிதாக எழுதித் தரச் சொன்னார். கார்த்தி சாயங்கால பஸ்ஸில் போய்விட்டான்.

பதினைந்து நாளும் கடிகாரம் களத்து மேட்டில் இருந்தது. அரைமணிக்கொரு முறை அடிக்கும். அவள் எழுந்து கிளறிவிட்டு, அலார முள்ளை அடுத்த அரைமணிக்குத் திருப்பி வைப்பாள். ஒரு நாள் தூறல் விழுந்தது. நான் தார்ப்பாயைப் பிடித்தேன். "உடுங்கண்ணா, நானே இழுத்துக்கறேன்" என்றாள். அந்தப் பதினைந்து நாளில் என்னோடு பேசியது அவ்வளவுதான்.

வளைகாப்பன்று போனில் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வளையல் அடுக்கும் சத்தம் எனக்கும் கேட்டது. அதற்குள் அலாரம் அடித்தது. போனைக் கவிழ்த்துவிட்டு எழுந்து போனாள். நான் சாக்கு மூட்டைமேல் தூங்குவதுபோல் படுத்துக்கொண்டேன்.

கையெழுத்து கிடைத்து அவள் போன அன்று, அந்தக் கடிகாரம் எங்கள் வீட்டு வாசற்படியில் இருந்தது. அடியில் என் அட்டை, எழுத்துப் பக்கம் மேலே தெரிய.

இப்போது என் மனைவி அதை வைத்துத்தான் சோறு வடிக்கிறாள். ரேஷன் கடைப் படிவத்துக்குக்கூட நான் பேனா எடுக்க முடியாது. "அம்மா, அப்பா எழுதறாரு, ஓடியா" என்று மகள் கத்துவாள். வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன், எல்லாரும் சிரித்து முடித்த பிறகு.