கேட்டில் பிடிபட்ட எருமை

எருமை மாட்டின் காலுக்குள் வாஷர் ஒளித்துக் கடத்தியவள் என்று எங்கள் கம்பெனியில் எனக்கு ஒரு பெயர் உண்டு. எருமை என்னுடையதுதான். வாஷரும் என்னுடையதுதான். கடத்தியது மட்டும் பொய்.

ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் எனக்குத் தரம் பார்க்கும் வேலை. அரை மில்லி கூடினால் ரிஜெக்ட் போட்டுவிடுவேன். (வீட்டில் இட்லிக்குக்கூட அப்படித்தான் என்பார் என் கணவர். அதை விடுங்கள்.) அதே லைனில் பக்கத்தில் நின்றவள் ஸ்டெல்லா. மணிமங்கலத்தில் கம்பெனி பஸ் ஏறி, படப்பையில் ஏறும் எனக்கு ஜன்னலோர இடம் பிடித்து வைத்திருப்பாள். கம்பெனி வரும்வரை இரண்டு பேரும் குரோஷா ஊசியும் உல்லன் நூலுமாக பொம்மை பின்னிக்கொண்டே போவோம்.

அவள் மகள் ஜெனிக்கு எருமை பொம்மைதான் வேண்டுமாம். யானை, கரடி, முயல் பின்ன போனில் ஆயிரம் பேர் சொல்லித்தருகிறார்கள், எருமைக்கு ஒரு ஆள் இல்லை. சரி, நாமே கண்டுபிடிப்போம் என்று இறங்கினோம். வல்லம் வடகால் பக்கம் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் எருமைகள் சாவகாசமாக ரோடு கடக்கும்போது பஸ் நிற்கும். அந்த நேரத்தில் ஸ்டெல்லா அவற்றின் முகத்தைப் படம் வரைந்துகொள்வாள். முதலில் பின்னியது வௌவால் மாதிரி வந்தது. இரண்டாவது, ஹெல்மெட் போட்ட பூனை. கொம்பைப் பக்கவாட்டில் சரித்து, மூக்கில் ரவுண்டுக்கு இரண்டு கண்ணி குறைத்த பிறகுதான் எருமை எருமையானது. அவள் பின்னுவாள், எந்த ரவுண்டில் எத்தனை கண்ணி என்று நான் நோட்டில் எழுதுவேன்.

கறுப்பு நூலில் கண்ணி கண்ணுக்கே தெரியாது. ரவுண்டு தொடங்கிய இடத்தில் ஒரு பின்னூசியை, அதாவது ஊக்கைக் குத்தி வைத்துக்கொண்டால்தான் பிழைத்தோம். ஸ்டெல்லாவிடம் ரோஸ் கலர் தலை வைத்த பின்னூசி ஒன்று இருந்தது. ஜெனி கைக்குழந்தையாக இருந்தபோது துணிக்குக் குத்தியது. ஒரு நாள் அதைக் காணோம்.

"கலா, என் பின்னு எங்க?"

"எனக்கு இன்னா தெரியும்?"

"நேத்து நீதான வாங்கிப் பாத்துகினு இருந்தே. வெளையாடாத, குடுத்துடு."

"ஆமா, திருடிக்கினு பூட்டேன். போதுமா?"

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. எழுந்து போய்க் கடைசி சீட்டில் உட்கார்ந்தேன். ஒரு வாரம் அங்கேயேதான் உட்கார்ந்தேன். அவள் இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள், நான் ஜன்னலைப் பார்த்தேன். அதற்கடுத்த நாள் அவளுக்குக் காய்ச்சல், லீவு போட்டாள். டெங்கு. ஐந்தே நாளில் போய்விட்டாள். அவள் என்னிடம் கடைசியாகக் கேட்டது ஒரு பின்னூசி. ஒரு டஜன் வாங்கி மடியில் கொட்டியிருக்கலாம். கொட்டவில்லை.

அடக்கம் முடிந்த மறுவாரம் அவள் புருஷன் அருள் ஒரு பையோடு வந்தார். உள்ளே எருமையின் தலை மட்டும் இருந்தது. கண், கொம்பு எல்லாம் வைத்து, பஞ்சு அடைத்து, முடிச்சுப் போட்டு மூடி வைத்திருந்தாள்.

"அடுத்த மாசம் பாப்பாக்குப் பொறந்தநாளு. எருமை தரேன்னு அவங்க அம்மா சொல்லிக்கீறா. நீங்க முடிச்சுத் தர்றீங்களா?"

நோட்டு என்னிடம்தானே இருக்கிறது, என்ன கஷ்டம் என்று நினைத்தேன். அதே நோட்டு, அதே நூல், அதே ஊசி. ஆனால் ஸ்டெல்லா நூலை இழுத்துப் பிடித்துப் பின்னுகிறவள், நான் தளர விடுகிறவள். தலை சாத்துக்குடி அளவு, என் உடம்பு பூசணிக்காய் அளவு! (நான் பின்னிய உடம்பைச் சொல்கிறேன்.) மூன்று முறை பிரித்துப் பின்னினேன். விரல்தான் வீங்கியது, வயிறு வற்றவில்லை. அவள் கை எனக்கு வரவே இல்லை. அரை மில்லிக்கு ரிஜெக்ட் போடுகிறவள் அந்தப் பூசணிக்காயைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

காலும் தொளதொளவென்று மடங்கியது. எருமை நிற்க வேண்டுமே! கடையில் வாஷர் வாங்கித் துணியில் முடிந்து நாலு காலிலும் வைத்துத் தைத்தேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். பிறந்தநாளன்று ஷிஃப்ட் முடிந்ததும் அப்படியே மணிமங்கலம் போகலாம் என்று கம்பெனிக்கே எடுத்துப் போனேன். வெளியே வரும்போது கேட்டில் மெட்டல் டிடெக்டர் வைத்துத் தடவுவார்கள் என்பது, பத்து வருஷமாக அங்கே வேலை பார்க்கும் எனக்கு ஞாபகமே வரவில்லை.

பீப்!

"இன்னாம்மா இது? மாட்டுக் காலுக்குள்ள இன்னா வச்சுகினு கீறே?" என்றார் செக்யூரிட்டி வசந்தா அக்கா.

"வாஷர்க்கா. மாடு நிக்கறதுக்கு."

எனக்கே நம்பும்படியாக இல்லை. பிளேடு வந்தது, நாலு காலும் கிழிந்தது. என்னால் நாலு பஸ் கிளம்பாமல் நின்றது. சூப்பர்வைசர் வெர்னியர் அளவுகோல் எடுத்து வந்து அளந்தார். அவருக்கு ஏமாற்றம்தான்.

"நம்ம வாஷர் இல்ல. இது பெருசு."

அப்பாடா என்று பையை மூடப் போனேன். அக்கா எதற்கும் இருக்கட்டும் என்று தலைமேலும் டிடெக்டரை ஓட்டினார். பீப்! கூட்டம் "ஓஹோ" என்றது. பிளேடு மறுபடி கிளம்பியது.

"அக்கா, தலைய மட்டும் வெட்டாதீங்க! அது ஸ்டெல்லா பின்னினது. நானே பிரிக்கிறேன்."

தலையை உடம்பிலிருந்து பிரித்தேன். அடியில் ஸ்டெல்லா போட்டிருந்த கடைசி முடிச்சு. அதை என் கையால் அவிழ்க்க வேண்டியிருந்தது. பஞ்சுக்குள் விரலை விட்டேன், சுருக்கென்று குத்தியது. ரோஸ் கலர் தலை.

அவளேதான் கவனிக்காமல் உள்ளே விட்டு, மேலே பஞ்சை அடைத்து மூடியிருக்கிறாள். லூசு! நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

"அழாதம்மா. மொத தபாதான, மன்னிச்சுடுவாங்க," என்றார் வசந்தா அக்கா.

"அக்கா, அது ஸ்டெல்லாவோட பின்னு," என்றது பஸ்ஸிலிருந்து ஒரு குரல். அக்காவே ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தார். தலையை பஸ்ஸிலேயே தைத்தேன்.

ஜெனி எருமையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஆன்ட்டி, காலு இன்னா ஆச்சு?"

"செக்யூரிட்டி வெட்டிட்டாங்கடா. ஒடம்பு வேற குண்டாப் பூடுச்சு. ஆன்ட்டி வேற பின்னித் தரேன்."

"வேணாம். அம்மா தலையும் உன் வயிறும் இருக்கட்டும்," என்று தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அந்த வீட்டில் இப்போதும் சாவி தொலைந்தால், ரிமோட் தொலைந்தால், "எருமைத் தலைல பாரு" என்பார் அருள். நானும் சேர்ந்து சிரிக்கிறேன்.

பின்னூசியை அவரிடம் நீட்டினேன். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். என் அடையாள அட்டைக் கயிற்றில் குத்தியிருக்கிறேன். தினமும் ஷிஃப்ட் முடிந்து கேட்டுக்கு வந்தால் பீப் என்கிறது. வசந்தா அக்கா இப்போதெல்லாம் பையைத் திறக்கச் சொல்வதில்லை.

"சரி, ரெண்டு பேரும் போங்க," என்று கையைக் காட்டுகிறார்.