பழுப்புத் தண்ணீர்த் திருச்சபை

அயோவா மாநிலத்து வில்லோ ஃபோர்க் நகரசபை, கடவுளைக் கும்பிடாமல் எந்தக் கூட்டத்தையும் தொடங்கியதில்லை. பாப்டிஸ்ட் பாதிரியார் வந்து கண்ணை மூடச் சொல்வார்; உறுப்பினர்கள் மூடுவார்கள். சிலர் கூட்டம் முடிந்த பிறகே திறப்பார்கள். இப்படியே பல வருஷம் நல்லாட்சி நடந்துவந்தது.

ஒரு நாள், கடவுளே இல்லை என்று சொல்லும் பல் டாக்டர் ஒருவர், கூட்டத்தைத் தான் தொடங்கிவைக்க வேண்டும் என்று கேட்டார். நகரசபை வக்கீல் ஆப்ரி லிண்ட் அம்மாள் சட்டத்தைப் புரட்டினார். ஒருவரை அனுமதித்தால் எல்லோரையும் அனுமதிக்க வேண்டும். முறைவைத்தால் முதலில் யார் என்ற பாரபட்சம் வரும். ஆகவே எல்லோரும் எல்லாக் கூட்டத்திலும் வேண்டலாம் என்று தீர்ப்புச் சொன்னார். கத்தோலிக்கர், லூதரன்கள், இறைச்சிக் கம்பெனியில் வேலைபார்க்கும் முஸ்லிம்கள், லாரி ஓட்டும் சீக்கியர், நிலாவைக் கும்பிடும் தம்பதி என்று ஊரே வரிசையில் நின்றது. பல் டாக்டர் தன் பங்குக்கு ஒன்றையும் வேண்டாமல் நின்றார்; அதற்கும் நேரம் ஒதுக்கினார்கள். ஒன்பது மணிக்குக் கூட்டம் முடிய வேண்டும் என்பது விதி. வேண்டுதல் முடியவும் ஒன்பது அடிக்கவும் சரியாக இருந்தது.

இதில் மாட்டிக்கொண்டவர் வென்டெல் ஸ்டாவெக். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற மனுஷர். மேப்பிள் தெருவில் அவர் வீட்டுக் குழாயைத் திறந்தால் பழுப்பாகத் தண்ணீர் வரும். மனைவி டோரிஸின் வெள்ளைச் சட்டையெல்லாம் டீ நிறமாகிவிட்டது.

"இன்னும் கொஞ்ச நாள் பாப்பேன் வென்டெல். அப்புறம் டாவென்போர்ட்ல எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். நீ இந்தக் குழாயோடயே குடும்பம் நடத்து," என்று அவள் சொல்லிவிட்டாள்.

வென்டெல் வக்கீலிடம் போய் நின்றார். "வக்கீலம்மா, கூட்டத்துல ரெண்டு வார்த்தை பேசணும். குழாய் விஷயம்."

"தாராளமா. பேச்சுரிமையை யாராலும் பறிக்க முடியாது. நேரம்தான் இல்ல."

"அவங்கல்லாம் பேசுறாங்களே?"

"அவங்க பேசல, வேண்டுறாங்க. அதை நிறுத்தினா மத சுதந்திரம் போயிடும்."

"அப்ப நானும் வேண்டுறேன். புது மதம்."

"உண்மையாவே நம்புறீங்களா?"

"இந்தக் குழாய் என்னைக்காவது சரியாகும்னு நம்புறேனே. இதைவிடப் பெரிய நம்பிக்கை இருக்கா?"

"போதும். அதுக்கு மேல கேட்கச் சட்டம் இடம்தராது," என்றார் ஆப்ரி.

அடுத்த கூட்டத்தில் பழுப்புத் தண்ணீர்த் திருச்சபை பிறந்தது. "ஆண்டவரே, மேப்பிள் தெருவின் துருப்பிடித்த குழாயை மாற்ற மேயர் ஹாகனின் மனதை இளக்கியருளும்," என்று வென்டெல் உருகினார். மேயருக்கு நிஜமாகவே மனம் இளகிவிட்டது.

"பாவம், நியாயமாத்தானே கேக்குறான். நாளைக்கே ஆள் அனுப்பி மாத்திடலாம்."

ஆப்ரி பதறிப்போனார். "அதை மட்டும் செஞ்சிடாதீங்க. மத்தவங்க மழை கேட்டாங்க, சமாதானம் கேட்டாங்க. நாம குடுத்தோமா? இவர் கேட்டதை மட்டும் அரசாங்கம் குடுத்தா, இவர் மதம்தான் பலிக்கிற மதம்னு நாமளே முத்திரை குத்தின மாதிரி ஆயிடும்."

"சரி, அப்ப மாத்தல."

"அதுவும் கூடாது. வேண்டினாருங்கறதுக்காக மறுத்தா மத விரோதம்."

"பின்ன?"

"பரிசீலிச்சுக்கிட்டே இருக்கலாம்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது நமக்குத் தெரிந்த சங்கதி. வில்லோ ஃபோர்க்கில் பூசாரியும் சம்மதித்த பிறகு வக்கீல் குறுக்கே நின்றார்.

இதற்குள் திருச்சபை ஊரில் மோஸ்தராகிவிட்டது. மேப்பிள் தெரு முழுக்கச் சேர்ந்தது. குழாயில் பளிங்குத் தண்ணீர் வரும் வீட்டுக்காரர்களும் பழுப்புத் தொப்பி போட்டுக்கொண்டு வந்தார்கள். சபை விருந்தில் பழுப்பு நிற பீன்ஸும் குழம்பும் மட்டும். வெள்ளை நிறமுள்ள பண்டத்துக்கு அனுமதியில்லை. தொலைக்காட்சிக்காரர்கள் வென்டெலை, பாதிரியாரைக் கூப்பிடுவதுபோல் "ரெவரண்ட்" என்று கூப்பிட்டார்கள். காலமெல்லாம் பஸ் ஓட்டியபோது யாரும் திரும்பிப் பார்க்காத மனுஷருக்கு அது சர்க்கரையாக இனித்தது.

மூளையைக் கசக்கி, கடைசியில் ஆப்ரியே ஒரு வழி கண்டுபிடித்தார். "மேப்பிள் தெருவுல உங்க சபையில சேராத ஒருத்தர் எழுந்து, வேண்டாம சும்மா கேட்டா போதும். அன்னைக்கே குழாயை மாத்திடலாம்."

அப்படி மிஞ்சியிருந்தவள் டோரிஸ் ஒருத்திதான். அடுத்த கூட்டத்துக்கு அவள் வந்து முன்வரிசையில் உட்கார்ந்து கையைத் தூக்கினாள். வாசலில் கார் நின்றது. அதில் பெட்டியும் இருந்தது. மற்றவர்கள் எல்லோரும் அன்று சீக்கிரமே முடித்துவிட்டார்கள். கடைசி வேண்டுதல் வென்டெலுடையது. அவர் ஆமென் சொன்னால் அவள் பேசலாம்.

வென்டெல் மனைவியைப் பார்த்தார். பிறகு அவளுக்குப் பின்னால், சுவரோரம் வரை நிறைந்திருந்த பழுப்புத் தொப்பிகளைப் பார்த்தார். குழாய் சரியாகிவிட்டால் நாளைக்கு இவர்கள் எங்கே போவார்கள், நான் எங்கே போவேன் என்று அவருக்குத் தோன்றியது. தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"மேலும் ஆண்டவரே..." என்று தொடர்ந்தார்.

ஒன்பது மணிவரை தொடர்ந்தார். மேயர் சுத்தியலைத் தட்டினார். டோரிஸ் தூக்கிய கையை இறக்கிக் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"வென்டெல், உன் சாமி உன்னைக் காப்பாத்தட்டும். நான் போறேன்," என்றாள்.

மண்டபமே அதிரும்படி எல்லோரும் ஆமென் என்றார்கள். பழக்கதோஷம், வென்டெலும் சொல்லிவிட்டார்.